தேட்டமும் முதுசமும்

குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குதல் யாழ்ப்பாணத்து இல்லங்களில் நன்னாட்களுக்குரிய கடன். அதே கை, ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துச் செப்புக்காசொன்றையும் அவ்வாறே துலக்குமாயின் அது காத்தலாகுமா?

ஒருபுறம் நிற்கும் மனித உருவும், மறுபுறம் படுத்த நந்தியும் அதன்கீழ்ச் 'சேது' என்னும் தமிழ் எழுத்துகளும் கொண்டவை அக்காசுகள். அவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரியன என்றாரும் உளர். யாழ்ப்பாண வேந்தர்க்கே உரியன என வாதிட்டோருள் முதலியார் செ. இராசநாயகம் குறிப்பிடத்தக்கவர். இத்தகைய வழக்கிற் சான்று பகர்வன எழுத்தின் வடிவும் காசின் நிறையும் கிடைத்த இடமுமே. புளியின் அமிலம் செம்பின் மேற்படலத்தைக் கரைக்கின்றது. சாம்பலோ எழுத்தின் விளிம்பைத் தேய்க்கின்றது. பளபளப்பு எஞ்சும், சான்று ஊமையாகும்.

'என் பொருள், என் விருப்பம்' என்பார்க்கு விடை யாது? 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, முதுசத்தையும் தேடியதேட்டத்தையும் வேறுபிரித்துக் காண்கின்றது. விலைகொடுத்து வாங்கிய காசு தேட்டமே, அதில் ஐயமில்லை. ஆயினும் தேய்ந்த எழுத்தைத் தேடிப் பெறுதல் எவர்க்கும் இயலாதாகலின், அவ்வெழுத்தளவில் அது பின்வருவோரின் முதுசமாகவே நிற்கின்றது.

தீண்டாதிருத்தலே அறமென்றும் கொள்ளலாகாது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து வெளிர்பச்சைப் பொடி பூக்குமாயின் அது உள்ளே அரிக்கும் நோய். துறைபோனோரிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஏனையவற்றுக்கு வேண்டுவன எளியவை: விரல்வியர்வை படாமை, அமிலமற்ற கடதாசி உறை, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட இறுக்கமான பெட்டி. மலிவான பீ.வீ.சீ. உறையோ நாளடைவில் தானே அமிலங் கக்கும். உறையினுள் ஒரு துண்டுக் கடதாசியும் வேண்டும், காசு எவ்வூரில், எவ்வளவில், எத்துணை ஆழத்திற் கிடைத்தது என்று. சேர்ப்போர் பலர் மறப்பது அத்துண்டையே.