ஏந்தும் கையும் விலகி நிற்கும் கையும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் கோடைக்காலத்தில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே கேள்வி எழுகிறது: பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது? "குழந்தைகள் என்றால் எனக்கு உயிர், அவர்களுக்குப் பணிபுரியும் தொழிலே வேண்டும்" என்று மகளோ மகனோ கூறினால், பெற்றோர் முதலில் நினைப்பது செவிலியர் படிப்பையே. இப்பொழுது அதனருகே மற்றொரு பெயரும் கேட்கிறது: ஆக்குபேஷனல் தெரபி. செயல்வழிச் சிகிச்சை என்று அதனைக் கூறலாம். இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பது ஊதியத்தை மட்டும் பொறுத்த வினா அன்று. பிறர்க்கு உதவுதல் என்பது யாது என்னும் பழைய அறவினாவும் அதனுள் இருக்கிறது.

செய்து கொடுக்கும் அன்பு

நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குத் தன் வலியைச் சொல்லத் தெரியாது. அதன் மூச்சின் வேகம், தோலின் நிறம், அழுகையின் தன்மை ஆகியவற்றைக் கொண்டே செவிலியர் அதனை அறிகிறார். மருந்தின் அளவு குழந்தையின் எடைக்கேற்பக் கணக்கிடப்படுகிறது. ஒரு புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும். நள்ளிரவிலும் அக்கணக்குப் பிழைபடலாகாது. குழந்தைக்காகத் தாமே செய்வதும், தாமதமின்றிச் செய்வதும் இப்பணியின் இயல்பு.

நம் மண்ணில் இப்பணிக்கு நெடிய மரபு உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909 இல் தொடங்கிய செவிலியர் பயிற்சி 1946 இல் பட்டப்படிப்பாக வளர்ந்தது. ஆயினும், மருந்தும் தூய்மையும் மட்டும் போதா என்பதை உலகம் மெல்லத்தான் கற்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் பிரிட்டன் மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் தம் குழந்தையைக் காண்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. 1952 இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்த ஆவணப்படம், மருத்துவமனையில் விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியின் ஏக்கத்தைக் கண்முன் நிறுத்தியது. 1959 இல் வந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் வருகைக்கு இருந்த தடைகளை நீக்கப் பரிந்துரைத்தது. குழந்தையின் உடலைப் பேணுபவர் அதன் தனிமையையும் பேண வேண்டும் என்னும் உண்மை இவ்வாறு நிலைபெற்றது.

காத்து நிற்கும் அன்பு

செயல்வழிச் சிகிச்சை வயதில் இளையது. அமெரிக்காவில் இதற்கென முதல் சங்கம் 1917 இல் அமைந்தது. அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இந்நாட்டுக்கு வந்த கமலா நிம்ப்கர் அம்மையார், 1950 இல் பம்பாயில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார்.

மூளைவாதத்தால் கை இறுகிய சிறுவனை எண்ணிப் பாருங்கள். கரண்டியின் காம்பில் துணியைச் சுற்றித் தடிப்பாக்கினால் அவனால் பற்ற முடிகிறது. பாதங்கள் ஊன்றும்படி அமரவைத்தால் உடல் நிலைகொள்கிறது. சட்டை அணியும்போது வலுக்குறைந்த கையை முதலில் நுழைக்கப் பழக்கினால் வேலை எளிதாகிறது. உண்ணல், உடுத்தல், எழுதல், விளையாடல் என்னும் அன்றாடச் செயல்களே இங்கு மருந்தாகவும் இலக்காகவும் அமைகின்றன.

அச்சிறுவன் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகுமுன் பாதியைச் சிந்துகிறான். அருகில் இருப்பவர் அள்ளி ஊட்டினால் ஐந்து நிமிடத்தில் உணவு முடிந்துவிடும். சிகிச்சையாளரோ தம் கையை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறார். இது அன்பா, கல்நெஞ்சமா? தேவையில்லாதபோதும் ஊட்டிக்கொண்டே இருக்கும் கை, நாளடைவில் குழந்தையின் கையை அதனிடமிருந்து பறித்துவிடும். அதே வேளையில், காய்ச்சலில் துவண்டு கிடக்கும் குழந்தையிடம் "நீயே எடுத்துக் குடி" என்பது கொடுமை. ஆகவே, செய்து கொடுப்பது உயர்ந்ததா, செய்யவிடுவது உயர்ந்ததா என்று பொதுவாகத் தீர்ப்பிட இயலாது. எதிரிலிருக்கும் குழந்தையின் நிலையே அதனை முடிவு செய்கிறது. மாற்கு நற்செய்தியில் யாயிரின் மகளை இயேசு கைப்பிடித்து எழுப்புகிறார். சிறுமி எழுந்து நடக்கிறாள். அவளுக்கு உணவு கொடுக்குமாறும் அவர் பணிக்கிறார். அவளைத் தன் காலில் நடக்கவிட்டதும், அவள் பசியை நினைத்ததும் ஒரே அன்புதான்.

எத்துயரைத் தாங்குவோம்?

அப்படியானால் தேர்வு செய்வது எவ்வாறு? "குழந்தைகளைப் பிடிக்கும்" என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. ஊசியோடு வரும் செவிலியரைக் கண்டு குழந்தை அலறும். கடினமான பயிற்சியைத் தரும் சிகிச்சையாளரைக் கண்டு முகம் திருப்பும். குழந்தையின் புன்னகையைக் கூலியாக எதிர்பார்ப்பவர் இரு பணியிலும் சோர்ந்து போவார்.

எனவே, எம்மகிழ்ச்சி வேண்டும் என்பதைவிட, எத்துயரைத் தாங்க இயலும் என்று வினவுவதே நேர்மையானது. நேற்று கதை கேட்ட குழந்தையின் கட்டில் இன்று வெறுமையாயிருப்பதைச் செவிலியர் காண நேரலாம். அடுத்த கட்டிலின் பணி அப்பொழுதும் காத்திருக்கும். சிகிச்சையாளரின் துயர் வேறு வகையினது. ஒரு பொத்தானை மாட்டக் குழந்தை பல மாதங்கள் பழக வேண்டியிருக்கலாம்; முன்னேற்றம் இன்றியே ஆண்டு கழியவும் கூடும். முன்னவருக்குத் திடீர் இழப்பைத் தாங்கும் உறுதி வேண்டும். பின்னவருக்கு நீண்ட காத்திருப்பைத் தாங்கும் பொறுமை வேண்டும்.

தன் இயல்பைப் பார்த்துத் தேர்வது தன்னலம் அன்றோ, தேவை மிகுந்த இடத்திற்கன்றோ செல்ல வேண்டும் எனச் சிலர் வினவலாம். தேவை இரு புறமும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டுள்ளது. அவ்வாறு வாழும் சிறார் பலர் சிற்றூர்களில் சிகிச்சையாளரையே கண்டதில்லை. தன்னால் ஆற்ற இயலாத பணியை ஏற்றுப் பாதியில் மனம் கசந்து நிற்பவரால் எவருடைய தேவையும் நிறைவேறாது. தன்னை அறிவதும் பிறர்க்குச் செய்யும் கடமையே.

உலகியலையும் ஒதுக்கலாகாது. பட்டப்படிப்பாயின் இரண்டும் நான்கு ஆண்டுகளுக்குக் குறையாதவை. செவிலியர்க்கு ஆரம்ப சுகாதார நிலையம் முதல் அயல்நாடு வரை இடமுண்டு. இரவுப் பணியும் உண்டு. சிகிச்சையாளர்க்குப் பணிநேரம் பெரும்பாலும் பகலில் அமையும். வாய்ப்புகள் நகரங்களிலேயே மிகுதி. இரு படிப்பும் குழந்தைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. முதியோரிடமும் பணிபுரிய நேரும் என்பதைப் பிள்ளைகள் முன்னரே அறிதல் நன்று.

பதினேழு வயதில் எடுக்கும் முடிவு முழு வாழ்வையும் கட்டிப்போடுவதும் அன்று. நோயாளிகளுக்கான கைத்தொழில்களைப் பற்றி 1910 இல் நூல் எழுதி, செயல்வழிச் சிகிச்சைக்கு முன்னோடியாகத் திகழ்ந்த சூசன் டிரேசி ஒரு செவிலியரே. ஆதலால் பெற்றோர் அவசரம் காட்ட வேண்டா. விண்ணப்பப் படிவத்தை நிரப்புமுன், உரிய இசைவு பெற்றுப் பிள்ளையை ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கும் ஒரு சிறப்புப் பள்ளிக்கும் சில நாட்கள் அனுப்புங்கள். திரும்பி வந்ததும் "எது பிடித்தது?" என்று கேட்பதோடு நில்லாது, "எங்கே உனக்குக் கடினமாயிருந்தது? அங்கே மீண்டும் போவாயா?" என்றும் கேளுங்கள்.