பொம்மைக்கு முகம் தருபவர் யார்?

பழைய பொம்மை ஒன்றை எடுத்து, அதன் சாயத்தை நீக்கி, மூக்கையும் தாடையையும் திருத்தி, உடையை மாற்றி, வேறோர் ஆளாகச் செய்து நிறுத்தும் கைவேலை ஒன்று இன்று பல நாடுகளிலும் பரவியிருக்கின்றது. கை கால்களை மடக்கி நிறுத்தக்கூடிய வீரர் பொம்மைகளே இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த வளர்ந்த ஆண்களும் பெண்களும் இரவில் விளக்கடியில் அமர்ந்து இவ்வேலையில் ஈடுபடுகின்றனர். இது வெறும் பொழுதுபோக்கு, இதில் ஆராய என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒருவர் செய்து முடித்த உருவத்தை மற்றொருவர் மாற்றலாமா, மாற்றலாமெனின் எதுவரையில் மாற்றலாம் என்னும் கேள்வி இதனுள் அடங்கிக் கிடக்கின்றது. அக்கேள்வி பொம்மையோடு நின்றுவிடுவதன்று. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும், சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் முதலிய பட்டணங்களிலும் வாழும் நமக்கு அது மிகவும் நெருங்கிய கேள்வியேயாகும்.

தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு காலத்தில் கடைப் பொம்மையை அறியார். பால்மரத்துக் கொட்டையும், ஆற்றோரக் களிமண்ணும், தகர டப்பாவும், கட்டிப்பாலை இழுத்துச் சுற்றிய பந்துமே அவர்களுடைய விளையாட்டுச் சாமான்கள். அவற்றுக்கு முகம் இல்லை. முகம் வேண்டுமெனில் பிள்ளையே கரித்துண்டு கொண்டு எழுதிக்கொள்ளும். இன்று அந்நிலை மாறிவிட்டது. பால்மரக் காடுகள் பலவும் செம்பனைக்கு இடம் விட்டன. சில வீட்டு மனைகளாயின. தோட்டத்து மக்களிற் பலர் பட்டணத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். இரவுச் சந்தையில் சில வெள்ளி கொடுத்தால் பிளாஸ்டிக் வீரன் ஒருவன் கிடைக்கின்றான். அவன் முகம் முன்னமே தீர்மானிக்கப்பட்டது. அவன் நிறமும், உடையும், ஆயுதமும், அவன் நல்லவனா கெட்டவனா என்பதுங்கூடப் பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கின்றன. பிள்ளைக்கு மிஞ்சியது, சொல்லிக்கொடுத்தபடி ஆடுவதும், கை ஒடிந்தபின் எறிந்துவிடுவதுமே.

இவ்வகைப் பொம்மையின் வரலாறு அறியத்தக்கது. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹாஸ்புரோ கம்பெனியார், ஏறக்குறைய 12 அங்குல உயரமும் மடங்கத்தக்க பல மூட்டுகளும் உடைய ஜி.ஐ.ஜோ என்னும் போர்வீரனை வெளியிட்டனர். உடை மாற்றி விளையாடத்தக்க பொம்மையே அது. ஆயினும், பொம்மை என்று சொன்னால் ஆண்பிள்ளைக்கு ஒருவரும் வாங்கிக் கொடுக்கமாட்டார் என்று அஞ்சி, அதற்கு ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று புதுப்பெயர் சூட்டினர். பெண்பிள்ளை வைத்து விளையாடினால் பொம்மை. ஆண்பிள்ளை வைத்து விளையாடினால் வேறு ஏதோ ஒன்று! மனிதர் தம் வீண் பெருமையைக் காத்துக்கொள்வதற்குப் பெயரை மாற்றுவது நம் நாட்டில் மட்டுமே உள்ள வழக்கமன்று என்பது இதனால் விளங்கும்.

நிற்க. முகத்தைப் பற்றிய செய்திக்கு வருவோம். 1967-இல் மாட்டெல் கம்பெனியார், தாம் முன்னரே விற்றுவந்த ஃபிரான்சி என்னும் பெண் பொம்மையைக் கறுப்பு நிறத்தில் வெளியிட்டனர். அதற்கெனப் புதிய முகம் ஒன்றை அவர்கள் வடிக்கவில்லை. வெள்ளைப் பெண்ணுக்குச் செய்த அதே தலை அச்சில் வார்த்து, நிறத்தை மட்டுமே மாற்றினர். கறுத்த குழந்தை தன்னை அதில் காண வேண்டுமாம்! பிறர் முகத்தின்மேல் தன் நிறம் பூசப்பட்டிருப்பதைக் கண்டு அக்குழந்தை என்ன கற்றிருக்கும்?

இது சிறு விஷயமென எண்ணலாகாது. கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் கறுப்பினத்து உளநூல் அறிஞரான கணவன் மனைவியர், 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினப் பிள்ளைகளிடம் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். நிறத்தைத் தவிர வேறெதிலும் வேறுபடாத பொம்மைகளை முன்வைத்து, நல்ல பொம்மை எது, விளையாட விரும்புவது எது என்று கேட்டனர். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். உன்னைப்போல் இருக்கும் பொம்மை எது என்று பிறகு கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுவிட்டன. பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்தல் முறையன்று என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபொழுது, கிளார்க்கின் எழுத்தும் அதில் எடுத்துக் காட்டப்பட்டது. ஒரு பொம்மையின் நிறம் ஒரு நாட்டின் நியாயத்தலத்துக்குச் சாட்சி சொல்ல வந்தது!

அமெரிக்கரைப் பார்த்து நாம் நகைப்பதற்கு இடமில்லை. கல்யாணத்துக்குப் பெண் தேடும்பொழுது சிவந்த நிறம் வேண்டுமென்று கேட்பவர் நம்மவரே. கறுத்துப் பிறந்த குழந்தையைத் தொட்டிலில் இடும்போதே, ‘பெண்ணாய்ப் போய்விட்டதே, நிறமும் இல்லையே’ என்று இரங்குபவரும் நம்மவரே. வெயிலிலும் மழையிலும் காட்டில் நின்று உழைத்த தாயின் நிறத்தை அவள் மகளே குறையென்று கருதுமாறு நாம் வளர்த்திருக்கின்றோம். அவ்வாறு வளர்ந்த வீட்டுக்குள் கடையிலிருந்து வரும் வீரனும் அரசியும் ஒரே நிறத்தில், ஒரே மூக்கோடு வந்து சேர்ந்தால், பிள்ளையின் உள்ளத்தில் எஞ்சிய நம்பிக்கையும் கெடாதா?

இந்நிலையில்தான், பொம்மையின் முகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் கைவேலை நமக்கு ஒரு பாடமாகின்றது. ஆஸ்திரேலியாவில் தாஸ்மேனியாவைச் சேர்ந்த சோனியா சிங் என்னும் அம்மையார், பழம்பொருள் கடைகளில் கிடந்த பொம்மைகளை எடுத்து, தொழிற்சாலையார் தீட்டியிருந்த தடித்த இமை மையையும் உதட்டுச் சாயத்தையும் அழித்து, தெருவில் ஓடி ஆடும் சாதாரணச் சிறுமியின் முகத்தை அவற்றுக்கு எழுதினார். காலணிகளையும் அவரே பிசைந்து செய்தார். ஆடைகளை அவருடைய தாயார் பின்னிக் கொடுத்தார். 2015-இல் உலகெங்கும் அவர் செயல் பேசப்பட்டது. தாம் செய்ததை விற்றதோடு அவர் நிற்கவில்லை. பிறரும் தம் வீட்டிலேயே செய்துகொள்ளும்படி முறையைக் கற்றுக் கொடுத்தார். அதுவே நம் கருத்தில் அவர் செயலின் சிறப்பு.

இவ்வேலையின் முறை கடினமானதன்று. பொம்மையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவ வேண்டும். வெந்நீரில் சிறிது நேரம் இட்டால் பிளாஸ்டிக் இளகி, தலையும் கைகளும் மூட்டிலிருந்து கழன்று வரும். ஒன்றின் தலையை மற்றொன்றின் உடலில் பொருத்தலாம். இரு பகுதிகளாக விற்கப்படும் எப்பாக்சிப் பசையை அளவாகச் சேர்த்துப் பிசைந்தால் களிமண் போலாகும். சில மணி நேரத்தில் அது கல்லாக இறுகிவிடுமாதலால், அதற்குள் ஈரக் குச்சியால் மூக்கும் முடியும் ஆடை மடிப்பும் செய்துகொள்ள வேண்டும். பின்னர் உப்புத்தாள் கொண்டு தேய்த்து, அடிச்சாயம் பூசி, அதன்மேல் நீர் கலந்த சாயத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். கண்ணை இறுதியில் எழுதுவர். நம் சிற்பிகளும் கண் திறப்பதை இறுதியிலேயே வைத்திருக்கின்றனர் என்பது நினைவுகூரத் தக்கது. ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழைய பொம்மைகளின் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கேடு. ஆதலால் பழஞ்சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடலாகாது. பிசையும்போது கையுறை அணிய வேண்டும். பொருளை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இப்பொம்மைகளைக் கொடுக்கவே கூடாது. வேண்டாத பொம்மைகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவது அதனினும் கேடு, பி.வி.சி. எரியும் புகை நஞ்சாகும்.

ஒருவர் செய்த உருவை மற்றொருவர் மாற்றுவது முறையா என்று இனி ஆராய்வோம். பழமையைத் தொடலாகாது என்போர் நம்முள் இருக்கின்றனர். அவர்கள் தம் வீட்டு வழக்கத்தையே நோக்குவாராக. நம் பாட்டிமார் பிள்ளைகளுக்குக் கொடுத்த மரப்பாச்சி, செம்மரத்தில் செதுக்கிய வெறும் உருவே. அதற்குச் சேலை உடுத்திப் பொட்டு வைத்து மணப்பெண் ஆக்கியவள் அதை வைத்திருந்த சிறுமி. தமிழ்நாட்டில் நவராத்திரிக்கு முன்னர், வெளுத்துப்போன கொலுப் பொம்மைகளுக்குப் புதுவர்ணம் தீட்டும் வேலை ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. நம் தோட்டத்து மாரியம்மன் கோயில்களிலும், மதுரைவீரன் கோயில்களிலும், குடமுழுக்கு வரும்போதெல்லாம் சுதை உருவங்களுக்குப் புதிய வர்ணமும் புதிய மீசையும் ஏறுகின்றன. சாமிக்கே சாயம் மாற்றும் உரிமையைத் தன் கையில் வைத்திருக்கும் மனிதன், கடைப் பொம்மையின் மூக்கைத் திருத்துவது பாவம் என்று சொல்லுவானாயின், அதை எவர் ஏற்பர்?

ஆயினும் வரம்பு இல்லாமல் இல்லை. மாற்றிச் செய்த பொம்மையைக் கம்பெனியின் அசல் சரக்கென்று சொல்லி விற்பது வஞ்சகம். பிறர் வடித்த உருவை அச்செடுத்து, நூறு நூறாக வார்த்துத் தன் படைப்பென விற்பது திருட்டு. கைவினைஞர் ஒருவர் வாழ்நாள் உழைப்பால் செய்து, இனி அதுபோல் ஒன்று கிடைக்காது என்னும் நிலையிலுள்ள பொருளை, நம் ஆசைக்காகச் சிதைப்பது அறியாமை. அச்சில் பதினாயிரமாக வார்த்துக் குவிக்கப்பட்டு, ஒடிந்து, எறியப்பட்ட பொம்மைக்கு இத்தடை எதுவும் இல்லை. அதை எடுத்து மாற்றுபவன் ஒருவருக்கும் உரியதைக் கவரவில்லை. குப்பைக்குப் போவதை மீட்கின்றான்.

இவற்றினும் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அதைப் பலர் குற்றமென்றே அறிவதில்லை. வெளிநாட்டுப் பசையும் விலையுயர்ந்த சாயமும் வாங்கி, மாதக்கணக்கில் உழைத்து, ஒரு தகப்பனார் அழகிய வீரன் ஒருவனைச் செய்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். செய்து முடித்ததும் அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி, ‘தொடாதே’ என்று பிள்ளையை அதட்டுகின்றார். அவருக்கும் கம்பெனியாருக்கும் என்ன வேற்றுமை? அங்கே முகத்தைத் தீர்மானித்தவர் முதலாளி. இங்கே தீர்மானித்தவர் தகப்பனார். பிள்ளையின் கை இரண்டிடத்தும் வெறுங்கையே. கலைக்காகவே செய்தேன் என்று அவர் சொன்னால் நாம் மறுக்கவில்லை. வளர்ந்தவருக்கும் கலையின்பம் உரியதே. ஆனால் பிள்ளையின் பொருட்டுச் செய்தேன் என்று சொல்வாராயின், தூரிகையைப் பிள்ளையிடம் கொடுத்தாலன்றி அச்சொல் உண்மையாகாது.

கொடுத்துப் பார்த்தால் என்ன வரும்? நெற்றி விளக்கோடு விடியற்காலையில் உளி பிடித்து நிற்கும் பால்வெட்டும் பெண் வரலாம். காண்டா வாளி சுமந்து நடக்கும் பாட்டன் வரலாம். 1943-இல் சிங்கப்பூரில் அமைக்கப்பட்ட ஜான்சிராணிப் படையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்று துப்பாக்கி ஏந்தி நின்ற நம் பெண்களில் ஒருத்தி வரலாம். அதே போர்க்காலத்தில் சயாம் இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத ஒரு தொழிலாளி வரலாம். இவர்களில் ஒருவரையும் எந்தக் கடையும் பெட்டியில் வைத்து விற்றதை நாம் கண்டதில்லை. விற்பதற்கு ஏற்ற வீரர் என்று இவர்களை எவரும் கருதவில்லை. நம் பிள்ளைகள் கருதினால் போதும்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது அவசியம். ஆசிரியரும் பெற்றோரும், ‘பிள்ளை களிமண், நாம் குயவர்’ என்று பேசுவதை அடிக்கடி கேட்கின்றோம். அது தவறான பேச்சு. பொம்மையை மாற்றலாம் என்பதற்கு நியாயம், அதற்கு நோவில்லை, விருப்பமில்லை என்பதே. மனிதனுக்கு இரண்டும் உண்டு. நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள், அவர்களை வேண்டிய இடத்தில் நிறுத்தவும் வேண்டாதபோது அகற்றவும் தக்க பொருளாகவே எண்ணினர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் தடை செய்யப்பட்டது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938-இல் நின்றது. எனினும், பிறர் தீட்டிய முகமே நம் முகம் என்று நம்பும் பழக்கம் சட்டத்தால் நிற்பதில்லை. நீ இன்ன சாதியிற் பிறந்தாய், இன்ன வேலைக்கே உரியவன் என்று சொல்வதும் அத்தகைய ஒரு சாயமே. அதைத் தீட்டியதும் மனிதர் கையே. மனிதர் கை தீட்டியதை மனிதர் கை அழிக்கலாம் என்பதை, ஒடிந்த பொம்மை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளுமாயின், அது ஏட்டுப் படிப்பினும் குறைந்ததன்று.

ஆகவே, தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும், படிப்பகம் நடத்தும் இளைஞர்களுக்கும் நாம் சொல்வது இதுவே. வீடுதோறும் மூலையில் கிடக்கும் பழைய பொம்மைகளைச் சேர்த்துக் கழுவி வையுங்கள். சிறிது சாயமும் தூரிகையும் வாங்கிக் கொடுங்கள். பழஞ்சாயத்தை நீக்குவதும், பசை பிசைவதும், கத்தி பிடிப்பதும் பெரியவர் வேலையாக இருக்கட்டும். முகம் எழுதுவது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். கண் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அமையலாம். நிறம் திட்டுத் திட்டாகப் படியலாம். அதைக் கண்டு, ‘கொண்டா, நான் சரியாக எழுதித் தருகிறேன்’ என்று நாம் தூரிகையை வாங்கிக்கொள்ளாதிருப்போமாக.