கருவி கற்பவரைச் சோதிக்கலாகாது

இணையவழிப் பயிற்சியில் சேரும் ஒருவர், கணினிப் பழக்கம் குறைந்தவராக இருப்பின், இரண்டு பாடங்களை ஒருசேரக் கற்க நேர்கிறது: ஒன்று அவர் நாடி வந்த பாடம், மற்றொன்று அதைத் திறக்கவும் நகர்த்தவும் விடை அனுப்பவும் வேண்டிய கருவியின் பாடம். மனம் ஒரு நேரத்தில் கையாளக்கூடிய புதிய செய்திகள் மிகச் சிலவே என்னும் அடிப்படையில், ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-இல் முன்வைத்த, பின்னர் விரிவடைந்த அறிதிறன் சுமைக் கோட்பாடு, அதாவது கற்கும்போது மனம் தாங்கும் பளுவை ஆராயும் கோட்பாடு, பாடத்திற்கே இயல்பான கடினத்தையும் அது வழங்கப்படும் முறையால் விளையும் கடினத்தையும் பிரித்துக் காண்கிறது. முன்னது கற்பவரை வளர்க்கிறது. பின்னது அவரைக் களைப்படையச் செய்கிறது. கடவுச்சொல்லை மறந்தவரும் பொத்தானைக் காணாதவரும் பாடத்தில் தோற்றவராகக் கணக்கிடப்படும்போது, வடிவமைப்பின் குறை கற்பவரின் குறையாகப் பதிவாகிறது. ஒரு திரைக்கு ஒரே செயல், எல்லாப் பக்கங்களிலும் இடம் மாறாத பொத்தான்கள், மதிப்பெண் இல்லாத பழகுபாடம், தவறாகத் தொட்டவர் திரும்பி வர ஒரு வழி ஆகிய அனைத்தும் கற்பித்தலின் பகுதிகளே. கருவி எளிதாகும் அளவுக்குப் பாடம் ஆழமாகலாம்; ஏனெனில் வழி தேடுவதில் செலவாகாத கவனம் முழுவதும் அறிவு தேடுவதற்கே எஞ்சுகிறது.