உடும்புக்கு யார் பொறுப்பு?

எந்தப் பயணம் என்றாலும் நான் முதலில் திறப்பது ஒரு கூகுள் ஷீட். தொழில் பழக்கம். வரும் ஜூலையில் அக்கா குடும்பத்தோடு இலங்கை போவது என்று முடிவானதும் அன்றிரவே ஷீட் தயாராகிவிட்டது. ஒரு பக்கம் யால, இன்னொரு பக்கம் வில்பத்து. இரண்டும் 1938-இல் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டவை. வில்பத்து 1,317 சதுர கிலோமீட்டர், யால 979. ஆனால் யாலவில் பெரும்பாலான ஜீப்புகள் சுற்றுவது ஒன்றாம் தொகுதி எனப்படும் சுமார் 140 சதுர கிலோமீட்டருக்குள்தான். உலகத்தில் சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஜூலை நல்ல மாதம். மழை இல்லை, குளங்கள் சுருங்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி ஓரிடத்துக்கு வரும். மே கடைசியிலிருந்து பாலைப் பழம் பழுக்கும், அதைத் தின்னக் கரடி மரம் ஏறும். இதையெல்லாம் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தேன். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு: ‘புலி தெரிய வாய்ப்பு (%)’. இலங்கையில் பெரும்புலி கிடையாது. அங்கே புலி என்றால் சிறுத்தைதான். அக்கா பையனுக்கு ஒன்பது வயது, அவன் இந்தப் பயணத்துக்கு வைத்திருக்கும் பெயரே ‘லெப்பர்ட் டிரிப்’.

அந்தக் கட்டத்தில் கை நின்றுவிட்டது. ஏனென்றால் 2023-இல் இதே போல ஒரு ஷீட் போட்டு, இதே போல ஒரு கட்டம் வைத்து, நண்பர்கள் மூன்று பேரோடு யாலவுக்குப் போயிருக்கிறேன். அங்கே நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்களுக்கு வாய்த்த ஜீப் ஓட்டுநர் திஸ்ஸமகாராமப் பக்கத்து முஸ்லிம். வீட்டில் தமிழ் பேசுகிறவர். அது எங்களுக்குப் பெரிய நிம்மதி. விடிகாலை ஐந்து மணிக்கே பலடுபான வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. காலைச் சுற்றில் யானை, எருமை, முதலை, மயில், புள்ளிமான் எல்லாம் பார்த்தோம். புலி இல்லை. மதியம் சாப்பிடும்போது நண்பர்கள் முகம் தொங்கிப்போனது. நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

“அண்ணே, சாயங்காலத்துக்குள்ள புலி காட்டினா பத்தாயிரம் தனியா தர்றோம்.”

இலங்கை ரூபாய்தான். நம்ம காசுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். சென்னையில் நாலு பேர் ஒரு ராத்திரி சாப்பிட்டால் வரும் பில். அவர் சிரித்துக்கொண்டே, “பார்ப்போம் சேர்” என்றார்.

நாலரை மணிக்கு மேல் அவருக்கு ஒரு போன் வந்தது. ஒரு பாறைக்குப் பக்கத்தில் புலி. நாங்கள் இருந்ததோ வெகு தூரத்தில். ஆறு மணிக்குள் எல்லா வண்டியும் பூங்காவை விட்டு வெளியேறிவிட வேண்டும். வண்டி பறந்தது. செம்மண் பாதை, குலுங்கலில் நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தோம். சந்தோஷமாகத்தான். ஒரு வளைவில் ‘டப்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். பாதையில் ஒரு உடும்பு. பின்பாதி நசுங்கி, முன்கால்கள் மட்டும் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. அவர் கண்ணாடியில் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார். வண்டி நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி நானும் சொல்லவில்லை.

புலி கிடைத்தது. இருபது ஜீப்புகளுக்குப் பின்னால், புதருக்குள், ஒரு முதுகும் ஒரு வாலும். பத்து வினாடி இருக்கும். வெளியே வந்ததும் பேசியபடி பத்தாயிரத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, “அந்த உடும்பு விஷயம் ஒருத்தருக்கும் சொல்ல வாணாம் சேர். பெர்மிட் போயிடும். லீசிங் கட்டணும்” என்றார். சரி என்றேன். அந்த ‘சரி’யைத்தான் மூன்று வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு உடும்புக்கா இவ்வளவு என்று கேட்கலாம். கேட்க வேண்டும். நானும் கேட்டிருக்கிறேன். தினமும் சாலைகளில் எத்தனையோ உயிர்கள் அடிபடுகின்றன, நாம் காரைவிட்டு இறங்குவதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. நெடுஞ்சாலையில் நான் அலுவலகத்துக்குப் போகிறேன், குறுக்கே ஒரு உயிர் வந்துவிடுகிறது. யாலவில் நான் போனதே உயிர்களைப் பார்க்கத்தான். ஒரு உயிரைப் பார்க்கும் அவசரத்தில் இன்னொன்று கணக்கில் வராமல் போனது. நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பையும் புலியையும் ஒரே முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. என் ஷீட்டில் உடும்புக்குக் கட்டமே இல்லை.

சரி, யார் பொறுப்பு? வண்டி ஓட்டியது அவர். பூங்காவுக்குள் வேக வரம்பு உண்டு என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் குழந்தை இல்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தவன். ‘வேகமா போங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டப்படி என் கை சுத்தம். இந்த வாதத்தை நான் ரொம்ப நாள் நம்பினேன்.

அதை உடைத்தது என் அலுவலகம். ஒரு முறை எங்கள் குழுவில் வாரத்துக்கு எத்தனை டிக்கெட் மூடுகிறார்கள் என்பதை வைத்து ஆட்களை மதிப்பிடலாம் என்று யோசனை சொன்னேன். இரண்டே மாதம். எல்லோரும் நிறைய டிக்கெட் மூடினார்கள். சுலபமானவற்றை மூடினார்கள், சரியாகாதவற்றையும் மூடினார்கள், மூடியதே வேறு எண்ணில் திரும்ப வந்தது. மென்பொருள் மட்டும் தேறவில்லை. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: குட்ஹார்ட் விதி. சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975-இல் பணக்கொள்கை பற்றிச் சொன்னது, பிறகு எல்லாத் துறைக்கும் பரவியது. ஒரு அளவுகோலை இலக்காக மாற்றினால், அது நல்ல அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடும் என்பது அதன் சாரம். அந்த இரண்டு மாதத்துக்கு நான் யாரைக் குறை சொல்ல முடியும்? ‘ஏமாத்துங்க’ என்று யாருக்கும் நான் சொல்லவில்லைதான். ஆனால் நேர்மையாக வேலை செய்வதை நஷ்டமாக மாற்றியது என் ஏற்பாடு.

யாலவிலும் நான் செய்தது அதுதான். விதியை மீறச் சொல்லவில்லை. விதியைக் கடைப்பிடிப்பது அவருக்குக் கட்டுப்படியாகாத மாதிரி ஒரு விலை வைத்தேன். எனக்கு ஒரு ராத்திரிச் சாப்பாடு, அவருக்கு லீசிங் தவணையில் ஒரு துண்டு. அந்த விலையில் மெதுவாகப் போவது யாருக்கு முடியும்?

மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்று கான்ட் 1785-இல் எழுதினார். முதலில் என் குற்றத்துக்கு இந்த வாக்கியம் போதும் என்று நினைத்தேன். போதவில்லை. கூலி கொடுத்து வேலை வாங்குவதே தப்பு என்றால் உலகம் நடக்காது. அவர் சம்மதித்தார், பணத்தையும் வாங்கினார். தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. என் ஆசையை அவர் கையில் கொடுத்தேன், அதோடு சேர்ந்து வரக்கூடிய பழியையும் கொடுத்துவிட்டேன். ஆசை நிறைவேறினால் போட்டோ என் போனில். பிசகினால் பெர்மிட் போவது அவருக்கு. பத்து நிமிஷத்தில் மளிகை கொண்டுவரும் பையன் சிக்னலைத் தாண்டும்போது நாம் பால்கனியிலிருந்து ‘இவனுங்களுக்கு அறிவே இல்ல’ என்று சொல்கிறோமே, அதே கணக்கு. அவன் ஓட்டுவது நம் பத்து நிமிஷத்தை.

அப்படியானால் போகவே வேண்டாம் என்பதுதான் சுத்தமான விடையா? கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யாரும் போகாத வருஷங்களை அந்த ஊர் பார்த்திருக்கிறது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, 2020-இல் கொரோனா, 2022-இல் பொருளாதார நெருக்கடி. பயணிகள் வராதபோதும் தவணைத் தேதி வந்துகொண்டுதான் இருந்தது. நாங்கள் போனபோது அவர்கள் மெல்ல எழுந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பத்தாயிரம் அவ்வளவு வேலை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. புலியைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்பதும் ஒரு காட்டைக் காடாகவே விட்டுவைக்க ஒரு காரணம். பார்க்கும் ஆசை காட்டைக் காப்பாற்றவும் செய்கிறது. ஆசையைத் திட்டிப் பயனில்லை.

வில்பத்துவுக்கு மாற்றிவிடலாமா? அங்கே மணல் கரை சூழ்ந்த ‘வில்லு’ என்னும் ஏரிகள் இருக்கின்றன, ஜீப் நெரிசல் யால அளவுக்கு இல்லை. ஆனால் இடத்தை மாற்றினால் பேரம் மாறிவிடாது. அங்கேயும் ஒரு ஓட்டுநர், அவருக்கும் ஒரு தவணை, பின் சீட்டில் அதே நான்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். “புலி பாக்கலன்னா என்னடா பண்றது? பையன் அழுவான். அவ்ளோ காசு வேற.” அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. என் மனசாட்சியைக் கழுவுவதற்கு ஒன்பது வயசுப் பையனின் புலியை நான் பலி கொடுக்கலாமா? அவன் உடும்பைக் கொன்றவன் இல்லை. பதில் சொல்லத் தெரியாமல் அன்றுதான் முதல்முறையாக முழுக் கதையையும் சொன்னேன். சத்தம், முன்கால்கள், பத்தாயிரம், ‘சரி’ எல்லாவற்றையும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அந்த டிரைவருக்கு அப்புறம் ஒண்ணும் பிரச்சனை ஆகலையே?” என்றாள்.

எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் இதைப் புரட்டிப் புரட்டி யோசித்திருக்கிறேன். குட்ஹார்ட், கான்ட் எல்லாம் வந்தார்கள். அந்த மனிதருக்கு என்ன ஆனது என்று ஒரு முறைகூட நான் கேட்கவில்லை. அவர் எண் என் போனில்தான் இருந்தது. என் குற்ற உணர்ச்சியிலும் அவர் ஒரு ஓட்டுநராகத்தான் இருந்திருக்கிறார்.

அன்றிரவு அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். மறுநாள் காலை பதில் வந்தது. நன்றாக இருக்கிறார், வண்டி அதேதான், லீசிங் இன்னும் எட்டு மாதம் பாக்கி. கடைசி வரி: “குடும்பத்தோட வாங்க சேர். இந்த முறை கிட்டத்துல புலி காட்டுறேன்.”

இப்படி எழுதும்படி அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அதனால் பதிலை நிதானமாக எழுதினேன். இரண்டு நாள் முழுக்க வண்டி வேண்டும். பேசிய கூலியோடு மேல் பணத்தையும் வாசலிலேயே, உள்ளே போவதற்கு முன்பே தந்துவிடுவேன். புலி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது மாறாது. போன் வந்தால் நாம் போக வேண்டாம். ஐந்து மணிக்கே வாசல் பக்கம் திரும்பிவிடலாம். போன முறை உடும்பு அடிபட்டது உங்களால் மட்டும் இல்லை.

கடைசி வரியை இரண்டு முறை அழித்துவிட்டு மூன்றாம் முறை அனுப்பினேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மற்றதற்கு மட்டும், “சரி சேர். ஆனா சின்னப் புள்ள வருதே, புலி பார்க்கணுமே” என்று எழுதினார். அவர் என்னை நம்பவில்லை. நம்புவதற்கு நான் இன்னும் எதுவும் செய்யவில்லை.

அக்கா பையனுக்கு இப்போது இரவில் போனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவருகிறேன். இலங்கைக் காட்டில் புலியைவிடப் பெரிய வேட்டை விலங்கு இல்லை, அதனால் அது பகலிலும் தைரியமாக நடக்கும் என்று. அங்கே ஆண் யானைகள் பலவற்றுக்குத் தந்தம் இருக்காது என்று. பழம் பழுத்தால் கரடி எப்படி மரம் ஏறும் என்று. புலி தெரியாமலும் போகலாம் என்பதையும் சொல்லிவிட்டேன். அழவில்லை, கொஞ்சம் கோபப்பட்டான். உடும்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. போவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அவனும் அந்த வண்டியில்தான் உட்காரப்போகிறான்.

ஷீட்டிலிருந்து அந்த சதவீதக் கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ‘முன்கூட்டியே கொடுக்க வேண்டிய பணம்’ என்று இருக்கிறது. ஜூலையில் யாராவது ஒரு ஜீப் எங்களைத் தாண்டிப் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். பையன் என் கையைப் பிடித்து, “மாமா, புலி போல, நம்மளும் போலாம்” என்பான். ஓட்டுநர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பார். வேண்டாம் என்று அப்போது நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.