யார் செய்த பாவம்?



இந்த மாதம் ஒரு சகோதரியின் கேள்வியோடு உங்களிடம் வருகிறேன். அவர்கள் அனுமதி பெற்றே எழுதுகிறேன்.

சிவகாசிப் பக்கம் ஒரு கிராமம். அவர்களுடைய புருஷனுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. பெட்டி தூக்கிக்கொண்டு படியேறினவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வயசு 41. அவருடைய தகப்பனாரும் ஐம்பதுக்குள் இதே மாதிரி போனவர்தான். "மருந்துத் தூசி நெஞ்சை அடைச்சிருச்சு" என்றார்கள் சிலர். "சாபம் பிடிச்ச குடும்பம்" என்றார்கள் வேறு சிலர். அடக்க ஆராதனையில் நானும் பரம்பரைச் சாபத்தைப் பற்றித்தான் பிரசங்கித்தேன். அந்தச் சகோதரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஆறு மாசம் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். "ஐயா, மகனுக்கு ஓடினா மயக்கம் வருது. மதுரையில எக்கோ எடுத்தோம். இருதயத் தசை தடிச்சிருக்காம், குடும்பத்துல வழிவழியா வர்ற வியாதியாம். மகளுக்கு அவ அத்தை மகனையே பேசி வச்சிருக்கோம். வெளிய சொன்னா கல்யாணம் நின்னுபோகும். சொல்லாம விட்டா தப்பா ஐயா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டேன், படித்தேன்.

பிளேட்டில் விடுபட்ட எழுத்து

நம்ம ஊர்க்காரருக்கு அச்சகம் தெரியும். பிளேட்டில் ஒரு எழுத்து விட்டுப்போனால் அடிக்கிற காலண்டர் அத்தனையிலும் விட்டுப்போகும். காகிதத்தின் மேல் குற்றமில்லை. நம் சரீரத்தை நடத்துகிற கட்டளைகளும் இப்படியே எழுத்தெழுத்தாக நமக்குள் இருக்கின்றன. அப்படி ஒரு கட்டளைதான் ஜீன். தகப்பனிடமிருந்து ஒரு பிரதி, தாயிடமிருந்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டு பிறக்கிறோம்.

இருதயத் தசை சுருங்குவதை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதத்துக்கு எம்.ஒய்.பி.பி.சி.3 என்கிற ஜீன் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ் முதலான விஞ்ஞானிகள் 2009ஆம் வருஷம் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இந்த ஜீனில் 25 எழுத்துக்கள் விடுபட்ட பிரதி, நம் தேசத்தில் 100 பேரில் சுமார் 4 பேரிடம் இருக்கிறதாம். அது இருப்பவர்களுக்கு இருதயத் தசை வியாதி வரும் வாய்ப்பு சுமார் 7 மடங்கு என்று கணக்கிட்டார்கள். பல ஜாதிக்காரர், பல பாஷைக்காரர் நடுவிலும் அது காணப்பட்டது.

கணக்குப் பாருங்கள். நம் ஆராதனைக்கு 200 பேர் வந்தால் அதில் 8 பேரிடம் இது இருக்கலாம். 8 பேரும் சாகவா போகிறார்கள்? இல்லை. பெரும்பாலோர் சுகமாகவே வாழ்கிறார்கள். 2020இல் வந்த மறு ஆய்வு இன்னும் தெளிவாக்கியது. அந்த 25 எழுத்து விடுபட்டது மட்டும் இருந்தால் முதலில் நினைத்த அளவு ஆபத்து இல்லை. சிலரிடம் அதே ஜீனில் அதோடு சேர்ந்து வருகிற ஒரே ஒரு எழுத்து மாற்றமே முக்கியக் காரணம் என்று கண்டார்கள்.

ஆனால் சொந்தத்தில் கட்டும்போது ஒரு விஷயம் உண்டு. தாய், தகப்பன் இருவரிடமும் கெட்ட பிரதி ஒவ்வொன்று இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டுமே கெட்டதாய்ப் போய்ச்சேர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சிசுவிலேயே இருதயம் பழுதாகலாம். அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தாத்தாவின் இரத்தம் அல்லவா?

வாயை அடைத்தது யார்?

பிறவிக் குருடனைக் கண்டு, இது யாருடைய பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். ஆண்டவர் அவன் மேலும் பழி போடவில்லை, அவன் பெற்றோர் மேலும் போடவில்லை. நானோ போட்டேன். அந்தத் தாத்தா எந்த எழுத்தையும் தானாகக் கேட்டு வாங்கவில்லை. கேட்காமல் வந்ததற்குக் குற்றவாளி யாருமில்லை.

ஆனால் தெரிந்த பிறகு மறைப்பது வேறு. அங்கே நமக்குப் பொறுப்பு வருகிறது. அந்தச் சகோதரி ஏன் மறைக்க நினைத்தார்கள்? பொய்க்காரியா? இல்லை. "சாபம்" என்று ஊர் சொன்னது, சபை சொன்னது, நான் சொன்னேன். அந்த வார்த்தைக்குப் பயந்து வாயை மூடினார்கள். மூடின வாயால் இன்னொரு வீட்டில் இன்னொரு உயிர் போயிருந்தால், அதன் பங்கு என் தலைமேலும் அல்லவா வரும்?

"சொல்லுங்கம்மா, நானும் கூட வர்றேன்" என்றேன். போனோம். அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "என் மூத்தவனுக்கும் படபடப்புன்னு சொல்லுவான், வேலை அலுப்புன்னு விட்டுட்டோம்" என்றார்கள். அவனுக்கும் எக்கோ எடுத்தார்கள். அதே தடிப்பு. இன்றைக்கு மச்சான் மச்சினன் முறையான இரண்டு பேருமே மாத்திரை சாப்பிடுகிறார்கள், பாரம் தூக்குவதை விட்டுவிட்டார்கள். கல்யாணம்? இரு வீட்டாரும் ஜீன் பரிசோதனைக்குப் பிறகு பேசலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்பிள்ளையின் கண்ணீர் இன்னும் தீரவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு சபைக்கு முன்பாக அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிரியமானவர்களே, உங்கள் குடும்பத்தில் யாராவது ஐம்பது வயசுக்குள் திடீரென்று மரித்திருக்கிறார்களா? ஓடும்போது, பாரம் தூக்கும்போது மயக்கம் வருகிறதா? பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ எடுத்துப் பாருங்கள். சின்ன வயசில் சரியாக இருந்தாலும் டாக்டர் சொல்லுகிறபடி மறுபடியும் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல. மற்றவர்களே, அப்படிப்பட்ட வீட்டைப் பார்த்துச் சாபம் என்று சொல்லாதிருங்கள். அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் பயப்படாதிருங்கள். நாம் கூசாமல் கேட்டால்தான் அவர்கள் கூசாமல் சொல்லுவார்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.