எவருக்காக இந்த மாற்றம்?

மண்ணூரில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், சென்ற மாதம் மஃரிபுத் தொழுகைக்குப் பின் என்னைத் தனியே அழைத்து ஒரு வினாக் கேட்டார். அவருடைய மகனுக்கு வயது 26, ஆட்டிசம் உள்ளவர். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் உதிரிப் பாகங்களைச் சோதிக்கிறார். மயிரிழைக் கீறலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் எதிரே நிற்பவர் சிரிப்பது அன்பினாலா, ஏளனத்தினாலா என்பது மட்டும் அவருக்கு விளங்குவதில்லை. "காந்தத்தால் மூளையைத் தூண்டினால் சரியாகிவிடுமாமே, செய்து பார்க்கலாமா?" என்றார் தந்தை.

காந்தத் தூண்டல் வெறும் கற்பனையன்று. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் குழுவினரும் இதனைச் செய்து காட்டினர். தலைமேல் கம்பிச்சுருளை வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவாக வலிய மின்சாரத்தைப் பாய்ச்சுவர். எழும் காந்தப்புலம் எலும்பை ஊடுருவி, மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். கத்தியில்லை, மயக்க மருந்தில்லை. மனச்சோர்வுக்கு இதனைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2008இல் இசைவளித்தது. ஆட்டிசத்திற்கோ அவ்விசைவு இல்லை. சிறு ஆய்வுகளே நடந்துள்ளன. அரிதாக வலிப்பு நேர்வதுமுண்டு. ஆட்டிசம் உள்ளோரிடையே வலிப்பு நோய் மற்றவரினும் மிகுதி என்பதையும் மறக்கலாகாது.

இவ்விடத்தில் அமெரிக்கரான ஜான் எல்டர் ராபிசனின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். கார் பழுது பார்க்கும் தொழில் நடத்தியவர். நாற்பது வயதளவில்தான் தம் இயல்புக்கு ஒரு பெயருண்டு என அறிந்தார். 2008இல் பாஸ்டன் நகரில் அல்வாரோ பாஸ்குவல் லியோனே நடத்திய ஆய்வில் தாமே விரும்பிச் சேர்ந்தார். தூண்டலுக்குப் பின் ஓரிரவு பழைய பாடல்களைக் கேட்டபோது கண்ணீர் பெருகிற்று. பிறர் முகங்கள் அவருடன் பேசத் தொடங்கின. நட்பென்று நம்பியிருந்த பழைய சிரிப்புகள் சில கேலியே என்பதும் அப்போதுதான் புரிந்தது! மனச்சோர்வுற்ற மனைவியின் துயரம் அவரையும் மூழ்கடித்தது, அம்மணவாழ்வு முறிந்தது. தூண்டலின் வேகமும் நாளடைவில் தணிந்தது. இவற்றையெல்லாம் 2016இல் நூலாக எழுதினார்.

பெற்றதும் இழந்ததும் அவருடையவை, தேர்ந்ததும் அவரே. நம் வீடுகளிலோ மகனின் மௌனத்தைத் தாங்க மாட்டாமல் தந்தையும், சம்பந்தம் பேச வருவோரை எண்ணித் தாயும் மருத்துவரைத் தேடுகின்றனர். அவர்களுடைய கவலை பொய்யன்று. தங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார் என்ற அச்சம் எந்தப் பெற்றோரையும் உறங்கவிடாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம் உள்ளோருக்குக் காப்பாளரை அமர்த்த வழி செய்திருக்கிறது. ஆயினும் காப்பாளராவது வேறு, ஒருவருடைய உள்ளத்திற்கு உரிமையாளராவது வேறு அன்றோ?

"மகனைக் கேட்டீர்களா?" என்றேன். நண்பர் விடை கூறவில்லை.

அடுத்த வாரம் அவரே வந்தார். மகன் இரண்டு கேள்விகள் கேட்டாராம். அந்த இயந்திரம் சத்தம் போடுமா? அதன் பிறகும் கீறல்கள் தம் கண்ணுக்குத் தெரியுமா? முதற்கேள்விக்கு நான் பதில் சொன்னேன்: சுருள் உரக்கச் சொடுக்கும், காதை அடைத்துக்கொண்டுதான் அமர வேண்டும். இரண்டாவதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார், மகனையும் உடன் அழைத்துச் சென்று மருத்துவரிடம் கேட்பதற்காக.