மீன் வந்த வழி

சில ஆண்டுகளுக்கு முன்னர் திருகோணமலைக் கரையோரப் பங்கொன்றில் திருவிழாத் திருப்பலி முடிந்து விருந்து நடைபெற்றது. சோறும் சூரை மீன் குழம்பும். உண்டு அரைமணி நேரம் செல்வதற்குள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு முகம் சிவந்தது, உடல் அரித்தது, சிலர் வாந்தி எடுத்தனர், தலையிடியென்று ஒரு சிறுவன் அழுதான். வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். மருந்து கொடுத்தார்கள், மாலைக்குள் எல்லோரும் வீடு திரும்பினர். ஆனால் ஒருவருக்கு மட்டும் அன்று தொடங்கிய துன்பம் அன்றோடு முடியவில்லை. அவர் அந்த விருந்தில் ஒரு பிடி சோறும் உண்ணாதவர். மீன் விற்ற தாய்.

‘கெட்ட மீனைக் கோயிலுக்கே விற்றுவிட்டாள்’ என்ற பேச்சு அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னரே பங்கு முழுவதும் பரவிவிட்டது. வழக்கமாக அவரிடம் வாங்கிய வீடுகள் அவருடைய கூடையைக் கண்டதும் கதவைச் சாத்தின. நான் என்ன செய்தேன்? சமையற்காரரை அழைத்து, இனிமேல் வேறிடத்தில் மீன் வாங்கும்படி சொன்னேன். அவ்வளவே. விசாரணையும் சாட்சியும் இன்றி ஒருவரைத் தண்டிப்பதற்கு அந்த ஒரு வசனம் போதுமானதாக இருந்தது.

பின்னர் ஒரு வைத்தியர் விளக்கம் தந்தார். சூரை இனத்து மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் இடாவிட்டால் அவற்றின் தசையில் கிருமிகள் பெருகி ‘ஹிஸ்டமின்’ என்ற பொருளை உண்டாக்குகின்றன. அது கண்ணுக்குத் தெரியாது. மீன் நாறவேண்டும் என்பதுமில்லை. ஒருமுறை உண்டாகிவிட்டால் அவித்தாலும் பொரித்தாலும் போகாது. பின்னர் எவ்வளவு ஐஸ் போட்டாலும் நீங்காது. ஆகவே சமைத்தவர் மீது குற்றமில்லை. விற்றவர் மீது? அந்த மீன் அவர் கைக்கு வந்தது விடியற்காலையில். அதற்கு முன் வாடியில் கிடந்தது. அதற்கு முன் லொறியில். அதற்கு முன் கொட்பே துறைமுகத்தில். அதற்கும் முன் ஏதோ ஒரு பலநாட்கலத்தின் அடித்தட்டில், எத்தனை நாளென்று கடலுக்குத்தான் தெரியும். இவற்றில் எந்த இடத்தில் ஐஸ் போதாமற் போயிற்று? காலங்கடந்து நான் விசாரித்தபோது, வாடிக்காரர் லொறியைக் காட்டினார். லொறிக்காரர், நான்கு போட்டின் மீன் ஒன்றாகவே கிடந்தது என்றார். அத்துடன் வழி அறுந்துவிட்டது.

உணவு எங்கிருந்து, எவர் கையால், எந்தத் திகதியில் வந்தது என்பதை ஒவ்வொரு கையும் எழுதி வைக்கவேண்டும், பொதியின் மேல் சுட்டுத்துண்டு ஒட்டவேண்டும் என்றெல்லாம் இன்று பேசப்படுகிறது. இதை வியாபாரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் உரிய காரியமென்று எண்ணி நாம் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தத் தாயின் கதைக்குப் பின்னர் என்னால் அப்படிப் புரட்ட முடியவில்லை. இது நீதியைப் பற்றிய கேள்வி.

குருமடத்தில் நாம் படித்த ஒரு பாடம் இங்கே நினைவுக்கு வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் விற்றல் வாங்கலைப் பற்றி ஆராய்ந்தபோது, பொருளில் உள்ள குறையை விற்பவன் சொல்லக் கடமைப்பட்டவனா என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியும் குறையைச் சொல்லவேண்டியதில்லை. ஒற்றைக்கண் குதிரையை வாங்குபவன் தானே பார்த்துக்கொள்வான். ஆனால் மறைந்திருந்து கேடு விளைக்கும் குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்றார். அடுத்து அவர் கூறுவதே நமக்கு முக்கியம். குறையை அறியாமல் விற்றவன் பாவம் செய்யவில்லை; எனினும் அது தெரியவரும்போது வாங்கியவனுக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவன்.

நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அந்தக் குதிரைச் சந்தையில் விற்பவனும் வாங்குபவனும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர். நமது சூரை மீனுக்கோ ஐந்து கை, ஆறு கை. குறை உண்டாக்கியவனுக்குத் தன் குறை எவர் வயிற்றில் போய் விழுந்ததென்று ஒருபோதும் தெரியவராது. தெரியாதவன் எப்படி ஈடு செய்வான்? மனிதர் உண்ணத் தகாத உணவை விற்பதை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சந்தைக்கு வந்தால் முதலில் காண்பது கடைசியாக விற்பவரையே. கடைசிக் கை பெரும்பாலும் ஏழையின் கை. எழுதி வைக்கப்படாத பிழை, பிழை செய்தவனை விட்டுவிட்டு, நமக்கு மிக அருகில் நிற்பவர்மீது ஒட்டிக்கொள்கிறது.

ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது ஒரு நாட்டுக்கும் நேரலாம். நேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி முதல், தன் சந்தைக்கு வரும் கடல்மீன் ஒவ்வொன்றுக்கும் பிடிப்புச் சான்றிதழ் கேட்டு வருகிறது: கலத்தின் பெயரும் பதிவிலக்கமும், மீனின் இனம், பிடித்த கடற்பகுதி, திகதி, நிறை. நமது ஆழ்கடற் கலங்கள் எங்கே மீன் பிடிக்கின்றன என்பதை நாடு போதிய அளவு கண்காணிக்கவில்லை, விதி மீறுவோருக்குத் தக்க தண்டனை இல்லை என்று 2012 நவம்பரில் எச்சரித்தது. எச்சரிக்கை போதிய பலன் தரவில்லை. 2015 ஜனவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. 2013இல் மாத்திரம் ஏழரைக் கோடி யூரோவுக்குச் சற்றுக் குறைந்த பெறுமதியான மீனை வாங்கிய சந்தை, ஒன்றரை ஆண்டுக்குக் கிட்ட மூடிக் கிடந்தது. 2016 ஜூனிலேதான் திறந்தது. இடைக்காலத்தில் சட்டம் திருத்தப்பட்டது. பலநாட்கலங்களில் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. பிடிப்புக் குறிப்பேடுகள் கட்டாயமாயின.

அந்த ஒன்றரை ஆண்டில் தண்டனை பெற்றவர் யார்? எல்லை மீறிய கலமும் எல்லை மீறாத கலமும் ஒரே கொடியின் கீழ் நின்றன. நேர்மையாய்த் தொழில் செய்த மாலுமி, ‘நான் அங்கே போகவில்லை’ என்று சொல்லலாம். அதைக் காட்டுவதற்கு அவன் கையில் என்ன இருந்தது? சான்று இல்லாத இடத்தில் நல்லவனும் கெட்டவனும் ஒரே விலைக்குப் போகிறார்கள்.

2020 ஒக்டோபரில் பேலியகொடை மத்திய மீன் சந்தையில் கொரோனாத் தொற்றுப் பரவியபோதும் இதுவே நடந்தது. நோய் பரவியது மனிதரிடையே; மக்கள் அஞ்சியதோ மீனுக்கு. நாடெங்கும் மீன் விற்பனை சரிந்தது. மீன்பிடித் துறைக்கு முன்னர் அமைச்சராக இருந்த திலிப் வெதஆரச்சி நவம்பர் மாதத்தில் செய்தியாளர் முன்னிலையில் ஒரு பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நம்பிக்கை போய்விட்ட இடத்தில் மனிதன் தன் உடலையே சாட்சியாக வைக்கவேண்டி வருகிறது. ஆயினும் அவர் கடித்தது ஒரு மீனை. நம் வீட்டுச் சட்டியில் கிடப்பது இன்னொரு மீன்.

‘எங்கள் அப்பு ஆச்சி காலத்தில் சுட்டுத்துண்டு இருந்ததா?’ என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். இருக்கவில்லை. அப்போது வலை இழுத்தவனையே கரையில் கண்டார்கள். கூறு போட்டு விற்றவளின் தாயையும் தெரியும். முகமே சுட்டுத்துண்டாக இருந்தது. இன்று நாம் உண்பதில் எத்தனை பங்கு அப்படி வருகிறது? சீனன்குடா ஆலைக்குக் கடல் கடந்து வரும் கோதுமை மாவாகி, பாணாகி நம் மேசைக்கு வரும்போது, அதை விதைத்தவன் எந்த நாட்டான் என்று எவரால் சொல்லமுடியும்?

கடதாசியும் பொய் சொல்லும் என்பது உண்மை. பழைய திகதியைத் துடைத்துப் புதிய திகதி ஒட்டுபவர்கள் உண்டு. இது வியாபாரத் தந்திரமன்று; அயலானுக்கு விரோதமாகச் சொல்லும் பொய்ச்சாட்சி. எட்டாம் கற்பனை நாவுக்கு மட்டும் தரப்பட்டதன்று. ஆனால் எழுதிய பொய்யைத் தேடிப் பிடிக்கலாம். 2013இல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சி என்று விற்கப்பட்ட உணவில் குதிரையிறைச்சி கலந்திருந்தது வெளிப்பட்டபோது, பழி முதலில் ருமேனியாவின் இறைச்சிக் கூடங்கள்மீது விழுந்தது. ஏழை நாடு; பழி சுமத்த வசதியான நாடு. ஆவணங்களைப் பின்தொடர்ந்து போனபோது, அவர்கள் குதிரையிறைச்சி என்றே எழுதி அனுப்பியிருந்தது தெரியவந்தது. பெயர் மாறியது வழியில். 2019இல் பாரிஸ் நீதிமன்றமொன்று ஒல்லாந்து வணிகர் ஒருவருக்கும் பிரெஞ்சு நிறுவனமொன்றின் முன்னாள் முகாமையாளர் ஒருவருக்கும் சிறைத்தண்டனை விதித்தது. நமது மீன்காரத் தாய்க்கு அத்தகைய ஆவணம் ஒன்றும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியவில்லை. ஏற்றுமதிக்குப் போகும் மீனுக்கு வெப்பநிலை அளக்கிறார்கள், பரிசோதனை செய்கிறார்கள், சான்றிதழ் எழுதுகிறார்கள். அவர்கள் கழித்துவிட்டது நமது சந்தைக்கு வருகிறது; அதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பரிசில் உண்பவனுக்கு உள்ள உரிமை பாலையூற்றில் உண்பவளுக்கு இல்லையா? உண்மையை அறியும் உரிமை விலைக்கு விற்கப்படும் பொருளாகிவிட்டால், அதை வாங்க முடியாதவரும் ஏழைகளே. அதேவேளை, விடியலில் போய் முற்பகலில் திரும்பும் சிறு படகுக்காரனின் தலையிலும் பெருங்கலத்துக்குரிய கடதாசிச் சுமையை ஏற்றுவது நீதியாகாது. அவனுக்குப் பெட்டியில் படகின் இலக்கமும் திகதியும் எழுதினால் போதும். ஐஸுக்கான செலவை முதலாளியும் சங்கமும் சுமக்கட்டும். வாங்கும் நாமும் ‘என்ன விலை?’ என்பதோடு நின்றுவிடாமல் ‘எந்தப் படகு?’ என்றும் கேட்கவேண்டும். கேட்பவர் இல்லாத கேள்விக்கு எவரும் பதில் எழுதி வைப்பதில்லை.

வைத்தியரின் விளக்கத்தைக் கேட்ட பின்னரும் அந்தத் தாயிடம் போக எனக்கு மூன்று வாரம் சென்றது. குறை தெரியவந்ததும் ஈடு செய்யவேண்டும் என்று பிறருக்குப் போதிப்பது இலகு. சந்தையில் அவருக்கு முன்னால் போய் நின்று, நடந்ததைச் சொல்லி, நான் தவறாகத் தீர்ப்பிட்டுவிட்டேன் என்றேன். அடுத்த ஞாயிறு பூசையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்வதாகவும் கூறினேன். அவர் கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “சொல்லுங்கோ சுவாமி. ஆனால் போன வாடிக்கை வருமே?”

சொன்னேன். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.